ஆட்டிசத்தின் வேர் குடலிலா? பெற்றோர் அறிய வேண்டிய பின்னணி

ஆட்டிசம் மூளையில் தொடங்கவில்லை, குடலில்தான் தொடங்குகிறது; குடலை நல்ல கிருமிகளால் நிரப்பினால் பேசாத பிள்ளையும் பேசும். இப்படி ஒரு செய்தி மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. செய்திக்குக் கீழே ஒரு தூள் பொட்டலத்தின் படமும் கைப்பேசி எண்ணும் இருக்கும். இதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. குடலுக்கும் ஆட்டிசத்துக்கும் என்ன உறவு என்று பெரிய பல்கலைக்கழகங்களே கால் நூற்றாண்டாக ஆராய்ந்து வருகின்றன. ஆனால் அந்த ஆய்வுகள் சொன்னது வேறு, பொட்டலம் சொல்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பெற்றோருக்கு யாராவது நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இந்தப் பேச்சு நம்மிடையே சட்டென்று எடுபடுவதற்குக் காரணம் உண்டு. ரப்பர்க் காட்டில் வெறுங்காலோடு நடந்த தலைமுறை கொக்கிப்புழுவோடு வாழ்ந்தது. வெளுத்த முகமும் இரத்தச்சோகையும் சோர்வும் தோட்டத்துப் பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணப்பட்டன. பள்ளி விடுமுறை வந்தால் விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவுவது லயத்து வீடுகளின் வழக்கம். பிள்ளை சாப்பிடவில்லை, படிப்பு ஏறவில்லை, தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது என்றால் பூச்சிதான் காரணம் என்று பாட்டிமார் சொன்னார்கள். பல நேரம் அவர்கள் சொன்னது சரியாகவும் இருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, லயத்தை விட்டு மக்கள் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகும், வயிறு சுத்தமானால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை அப்படியே இருக்கிறது. புதிய வியாபாரம் அந்த நம்பிக்கையின் மேல்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

குடலுக்குள் இருப்பது என்ன? ஒரு வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 38 டிரில்லியன், அதாவது 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவில்தான் இருக்கும். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை இவை உடைத்துக் குடல் சுவருக்கு உணவாகும் அமிலங்களைத் தயாரிக்கின்றன. நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குகின்றன. குடலில் கோடிக்கணக்கான நரம்பணுக்களும் உண்டு. மூளையோடு அவை நேரடி நரம்பு வழியாகத் தொடர்பில் இருக்கின்றன. ஆகவே குடலின் நிலை மனநிலையைத் தொடும் என்பதில் வியப்பில்லை. ஆனால் விற்பனையாளர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதத்தை இங்கேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்னும் வேதிப்பொருளில் 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது என்பார்கள். அது உண்மை. அந்தச் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை என்பதும் உண்மை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது பாதி எந்தப் பொட்டலத்திலும் அச்சாவதில்லை.

ஆட்டிசமுள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொல்லை அதிகம் என்பதில் ஐயமில்லை. 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மருத்துவக் கட்டுரை, மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி போன்றவை வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் என்று கண்டது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பேசாத பிள்ளையால் வயிறு வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அது நாற்காலியின் கைப்பிடியில் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடக்கும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலறும். தன் கையைக் கடிக்கும், தலையைச் சுவரில் மோதும், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும். பார்ப்பவர்கள் இதை ஆட்டிசத்தின் கோளாறு என்று எழுதிவிடுவார்கள். 2010-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ நிபுணர் குழு ஒன்று இதற்கென்றே கூடி, இத்தகைய நடத்தை மாற்றங்கள் வலியின் அடையாளமாக இருக்கலாம், மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் அதே வயிற்றுப் பரிசோதனைகளை இவர்களுக்கும் செய்ய வேண்டும் என்று அறிவித்தது. வலி நீங்கினால் பிள்ளை நன்றாகத் தூங்கும், அமைதியாக இருக்கும், சொல்லிக்கொடுப்பதைக் கவனிக்கும். அப்போது ஆட்டிசமே குறைந்ததுபோல் வீட்டாருக்குத் தோன்றும். தோன்றுவது இயல்புதான். குறைந்தது வலி; அந்த நிம்மதி பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது. அதற்குப் புதுப் பெயர் வைத்து விற்பதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

சிகிச்சை ஆய்வுகளின் கதை ஒரு தாயிடம் தொடங்குகிறது. எலன் போல்ட் என்னும் அமெரிக்கத் தாய், தன் மகனுக்குக் காது நோய்க்காகத் திரும்பத் திரும்பக் கொடுத்த ஆண்டிபயாட்டிக் மருந்துகள் குடலின் நல்ல பாக்டீரியாக்களை அழித்து, நச்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்களுக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்ற ஊகத்தை 1998-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். அதைச் சோதிக்க 11 பிள்ளைகளுக்கு வான்கோமைசின் என்னும் வலுவான ஆண்டிபயாட்டிக்கை வாய்வழியாகக் கொடுத்தார்கள். 2000-இல் முடிவு வந்தது. சில வாரங்கள் முன்னேற்றம் தெரிந்தது; மருந்தை நிறுத்திய பிறகு அது நிலைக்கவில்லை. இருந்தாலும் கதவு ஒன்று திறந்தது.

அந்தக் கதவு வழியாக வந்ததுதான் இன்று அதிகம் பேசப்படும் அரிசோனா ஆய்வு. 2017-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 7 முதல் 16 வயதுக்குட்பட்ட 18 பிள்ளைகளுக்கு மல நுண்ணுயிர் மாற்று சிகிச்சை அளித்தார்கள். முதலில் இரண்டு வாரம் வான்கோமைசின். பிறகு குடலை முழுவதும் கழுவினார்கள். அதன் பின், ஆரோக்கியமானவர்களின் மலத்திலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்திய பாக்டீரியாக்களை ஏழெட்டு வாரம் தொடர்ந்து கொடுத்தார்கள். வயிற்றுத் தொல்லை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே 18 பேரையும் மறுபடி பார்த்தபோது, தொடக்கத்தில் கடுமையான ஆட்டிசம் என்று மதிப்பிடப்பட்டவர்கள் 83 விழுக்காட்டிலிருந்து 17 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தார்கள் என்று 2019-இல் அறிவித்தார்கள்.

இந்த எண்களைப் படிக்கும் தாய்க்கு நெஞ்சு படபடக்கும் என்பதை நான் அறிவேன். ஆகவே எண்கள் சொல்லாததையும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் வெற்று மருந்து, அதாவது மருந்துபோலவே தோன்றும் மருந்தில்லாத பொருள், பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. சிகிச்சை நடக்கிறது என்பது பெற்றோருக்கும் தெரியும், மதிப்பிட்டவர்களுக்கும் தெரியும். ஆண்டிபயாட்டிக், குடல் கழுவல், பாக்டீரியா என மூன்றும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டதால் எது வேலை செய்தது என்று பிரிக்க வழியில்லை. நாள்பட்ட மலச்சிக்கலுள்ள பிள்ளைக்குக் குடலைக் கழுவியதே பெரிய ஆறுதலாக இருந்திருக்கலாம். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், பள்ளிக்குப் போனார்கள், மற்றப் பயிற்சிகளும் பெற்றார்கள். பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கலாம் என்று சொல்வதற்கு 18 பிள்ளைகள் போதும். சிகிச்சை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று சொல்வதற்குப் போதாது. ஆய்வாளர்களே வெற்று மருந்துக் குழுவோடு சோதிக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள்.

வெற்று மருந்துக் குழு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆட்டிச வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. செக்ரெட்டின் என்பது கணையத்தைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன். வயிற்றுப் பரிசோதனைக்காக அந்த ஊசியைப் பெற்ற மூன்று ஆட்டிசப் பிள்ளைகள் பிறகு கண்ணைப் பார்த்தார்கள், பேச்சு கூடியது என்று 1998-இல் ஓர் அறிக்கை வெளியானது. தொலைக்காட்சியில் செய்தி வந்தது. ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசிக்காக அலைந்தார்கள். 1999 டிசம்பரில் 60 பிள்ளைகளைக் கொண்ட ஆய்வு வெளிவந்தது. பாதிப் பேருக்குச் செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, சோதித்தவர்களுக்கும் தெரியாது. இரு குழுவினரும் முன்னேறினார்கள். உப்புநீர் பெற்றவர்களும் செக்ரெட்டின் பெற்றவர்கள் அளவுக்கே முன்னேறினார்கள். முடிவைச் சொன்ன பிறகும் 69 விழுக்காட்டுப் பெற்றோர் செக்ரெட்டினில் இன்னும் ஆர்வம் இருப்பதாகவே சொன்னார்கள். பின்னர் நடந்தவற்றையும் சேர்த்து 16 ஆய்வுகள், 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகள். பயன் இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

உப்புநீர் பெற்ற பிள்ளை எப்படி முன்னேறியது? பிள்ளையின் நிலை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் நாம் புதுச் சிகிச்சையைத் தேடிப் போகிறோம். அந்த மோசமான கட்டம் எப்படியும் தணியத்தான் செய்யும். சிகிச்சை தொடங்கிய பிறகு நாம் பிள்ளையை உன்னிப்பாகக் கவனிக்கிறோம். முன்பே இருந்த சின்னச் சின்ன திறமைகள் இப்போதுதான் கண்ணில் படுகின்றன. நம்பிக்கை வந்த வீட்டில் குரல் தாழ்கிறது, பொறுமை கூடுகிறது. பிள்ளையும் அதை உணர்கிறது. இதில் பெற்றோரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. தன் பிள்ளையின் மேல் அன்புள்ள எவரது கண்ணும் அப்படித்தான் பார்க்கும். அதனால்தான் அந்தக் கண்ணுக்குத் துணையாக ஒப்பீட்டுக் குழு தேவைப்படுகிறது.

எலி ஆய்வுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2013-இல் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவைக் கொடுத்ததும் எலிகளின் சில நடத்தைகள் மாறின. அந்த நடத்தைகளில் ஒன்று, கோலிக்குண்டுகளை மரத்தூளில் புதைப்பது. நம் பிள்ளைகளின் வாழ்க்கைக்கும் கோலிக்குண்டு புதைக்கும் எலிக்கும் இடையே உள்ள தொலைவை வாசகரே அளந்துகொள்ளலாம்.

இனி, இந்தத் துறையின் மையக் கேள்வி. ஆட்டிசமுள்ள பிள்ளைகளின் குடல் பாக்டீரியாக்கள் வேறுபட்டிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 2024-இல் ஹாங்காங் ஆய்வாளர்கள் 1,627 பிள்ளைகளின் மலத்தை ஆராய்ந்து, அந்த வேறுபாடுகளை வைத்து ஆட்டிசத்தை அடையாளம் காண முயன்றார்கள். வேறுபாடு இருக்கட்டும், அது காரணமா, விளைவா? குளம் கலங்கியதால் மீன் செத்ததா, மீன் செத்து அழுகியதால் குளம் கலங்கியதா என்று கரையில் நின்று பார்த்தால் தெரியாது.

இதற்குத் தெளிவான பதிலை நோக்கிப் போன ஆய்வு ஆஸ்திரேலியாவிலிருந்து 2021-இல் வந்தது. 247 பிள்ளைகளின் மலத்தோடு அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆட்டிசத்துக்கும் பாக்டீரியாக்களுக்கும் நேரடி உறவு மிகச் சிறியதாகவே இருந்தது. உணவுக்கும் பாக்டீரியாக்களுக்கும் உள்ள உறவு வலுவாக இருந்தது. அதாவது, ஆட்டிசத்தால் பிள்ளை சில உணவுகளை மட்டும் பிடிவாதமாகச் சாப்பிடுகிறது, உணவில் வகை குறைவதால் குடல் கிருமிகளிலும் வகை குறைகிறது, மலமும் இளகுகிறது.

நம் வீடுகளில் இதற்கு விளக்கமே வேண்டாம். வெள்ளைச் சோற்றில் கிச்சாப் ஊற்றினால் மட்டும் சாப்பிடும் பிள்ளை, ஒரே கடையின் பொரித்த கோழியைத் தவிர வேறு எதையும் தொடாத பிள்ளை, காலை மாலை மைலோவும் பிஸ்கட்டுமாக வளரும் பிள்ளை என ஒவ்வொரு தாமானிலும் ஒருவர் இருக்கிறார். கீரையின் நிறம், வெண்டைக்காயின் வழவழப்பு, சாம்பாரின் மணம் ஆகியவை அந்தப் பிள்ளையின் புலன்களுக்குத் தாங்க முடியாதவை. அது அடம் பிடிப்பதாக நினைத்து உறவினர்கள் தாயைக் குறைகூறுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. உணவு இப்படிச் சுருங்கிப் போனால் இரும்புச்சத்துக் குறைபாடு வரலாம். வைட்டமின் சி இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்து நடக்க முடியாமல் போன ஆட்டிசப் பிள்ளைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இந்த நிலையில் இருக்கும் பிள்ளைக்குப் பால், கோதுமை இரண்டையும் அறவே நிறுத்தச் சொல்லும் ஆலோசனையும் புலனத்தில் வருகிறது. அந்த உணவுமுறை ஆட்டிசத்தைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஏற்கெனவே நாலைந்து உணவில் உயிர் வாழும் பிள்ளையிடமிருந்து இரண்டைப் பறிப்பதன் ஆபத்தோ கண்முன் நிற்கிறது.

2025-இல் கெவின் மிட்செல், டாரன் டாலி, டோரத்தி பிஷப் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் இத்துறையின் ஆய்வுகளை வரிசையாக எடுத்துச் சோதித்து, குடல் கிருமிகள் ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற வாதம் குறைபாடுள்ள முறைகளின் மேல் நிற்கிறது என்று கடுமையாகவே எழுதினார்கள். இன்னொரு பக்கம், ஐந்து நாடுகளில் 20 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான முடிவு, ஆட்டிச வாய்ப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபணு சார்ந்தது என்கிறது.

சரி, கடையில் கிடைக்கும் நல்ல பாக்டீரியா மாத்திரைகள்? ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வுகள் உண்டு. இத்தாலியில் பாலர் வயதுப் பிள்ளைகள் 85 பேரை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு ஆறு மாதம் பல பாக்டீரியாக் கலவை கொடுத்துப் பார்த்தார்கள். ஆட்டிசத்தின் அளவில் வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2020-இல் தெரிவித்தார்கள். அதே நாட்டில் 43 பிள்ளைகளைக் கொண்டு லாக்டோபேசிலஸ் ரூட்டரி என்னும் பாக்டீரியாவை வெற்று மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2024-இல் வெளியானது. பழகும் தன்மையில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. ஆட்டிசத்தின் மொத்தக் கடுமையில் மாற்றம் இல்லை. இது கவனிக்கத் தக்க சிறு வெளிச்சம்தான், பெரிய ஆய்வு வரட்டும். ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்டவை குறிப்பிட்ட இரண்டு வகைகள். மருந்தகத்து அலமாரியில் இருக்கும் புட்டியில் அதே இனத்தின் வேறு வகையோ வேறு இனமோ இருக்கலாம்; ஒன்றின் பலன் மற்றொன்றுக்குப் பொருந்தாது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளைக்கு இவை ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது. தயிர், மோர், தெம்பே போன்றவற்றைப் பிள்ளை விரும்பிச் சாப்பிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். அவற்றை உணவாகக் கொடுங்கள்.

மல மாற்று சிகிச்சையை வீட்டிலேயே செய்துகொள்ளச் சொல்லும் காணொளிகளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: செய்யவே கூடாது. 2019-இல் அமெரிக்காவில் ஆய்வுக்காக இந்தச் சிகிச்சை பெற்ற இருவருக்கு, கொடையாளரின் மலத்தில் இருந்த மருந்துக்கு அடங்காத ஈ-கோலை பாக்டீரியா தொற்றியது, ஒருவர் இறந்துபோனார். மருத்துவமனைக்குள்ளேயே நடந்தது இது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022-இலும் 2023-இலும் அனுமதித்த இரண்டு மல நுண்ணுயிர் மருந்துகளும் கடும் வயிற்றுப்போக்கைத் தந்து திரும்பத் திரும்ப வரும் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசீல் தொற்றைத் தடுப்பதற்கானவை, அதுவும் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். ஆட்டிசத்துக்காக அவை அனுமதிக்கப்படவில்லை.

இதைவிடக் கொடியது குளோரின் டைஆக்சைடு. துணி வெளுக்கும் பொருள்களோடு சேர்ந்த இந்த இரசாயனத்தைக் குடிக்கவும் எனிமாவாகவும் கொடுத்தால் குடல் பூச்சிகள் வெளியேறி ஆட்டிசம் நீங்கும் என்று ஒரு கூட்டம் பரப்புகிறது. மலத்தில் கயிறுபோல் வருவதைக் காட்டி, பாருங்கள் பூச்சி என்பார்கள். அது புண்ணாகி உரிந்த குடலின் சவ்வு. அதே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இலும் 2019-இலும் இதைப் பற்றி எச்சரித்தது. பூச்சி மருந்து கொடுத்துப் பழகிய நம் பாட்டிமாரின் நினைவை இவ்வளவு கொடூரமாகப் பயன்படுத்தும் வேறொன்றை நான் கண்டதில்லை.

பணத்தைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ அந்தச் சம்பளம் வாங்கும் குடும்பம், பிள்ளையைச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போக ஒரு நாள் வேலையை விட வேண்டும், வண்டிச் செலவு பார்க்க வேண்டும். தூளுக்குப் போகும் ஒவ்வொரு ரிங்கிட்டும் இந்தச் செலவிலிருந்துதான் கழிகிறது. பேச்சுப் பயிற்சி மெதுவானது, அலுப்பூட்டுவது, விளம்பரம் இல்லாதது. ஆனாலும் பிள்ளை தண்ணீர் வேண்டும் என்று படத்தைக் காட்டிக் கேட்கக் கற்றுக்கொள்வது அங்கேதான். 1984-இல் திரெங்கானுவில் தொடங்கி நாடெங்கும் பரவிய சமூக மறுவாழ்வு மையங்கள், அரசுப் பள்ளிகளின் சிறப்புக் கல்வி வகுப்புகள், சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவை இருக்கின்றன. அட்டை வாங்கினால் பிள்ளைமீது முத்திரை விழுந்துவிடும் என்று தயங்குவோர் இன்னும் உண்டு. தூள் வாங்கும் செலவைவிட அந்தத் தயக்கத்தின் செலவு பெரிது என்பது என் கருத்து.

வாங்குவதற்கு முன் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். இங்கே பதிவு பெற்ற மருந்துக்கும் துணைச் சத்து மாத்திரைக்கும் மால் (MAL) என்று தொடங்கும் பதிவெண்ணும் ஒளிரும் ஒட்டுவில்லையும் இருக்கும். சுகாதார அமைச்சின் கீழுள்ள மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். எண் இருந்தாலும் அது நோயைத் தீர்க்கும் என்று பொருளில்லை. துணைச் சத்துப் பொருள் நோய் தீர்ப்பதாகச் சொல்லி விற்க அனுமதி கிடையாது. உணவு என்ற பெயரில் வரும் தூளுக்கு அந்த எண்ணே இருக்காது. ஆட்டிசம் குணமாகும் என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரியே போதும், கீழே வைத்துவிடலாம்.

வயிற்றுத் தொல்லைக்கு என்ன செய்வது? இரண்டு வாரம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள்: எந்த நாளில் மலம் போனது, கெட்டியா இளக்கமா, இரத்தம் இருந்ததா, என்ன சாப்பிட்டது, எப்போது அலறியது, எத்தனை முறை தூக்கம் கலைந்தது. உள்ளாடையில் நீர்மலம் கசிந்தால் உடனே வயிற்றுப்போக்கு என்று முடிவுகட்ட வேண்டாம். குடலில் கெட்டிப்பட்டு நிற்கும் மலத்தைச் சுற்றி நீர் வழிந்து வருவதாகவும் இருக்கலாம். அப்படியானால் அது மலச்சிக்கல். வயிற்றுப்போக்கு மருந்து அதை மோசமாக்கும். லாக்டுலோஸ், மேக்ரோகால் போன்ற சாதாரண மலமிளக்கிகள், சாப்பிட்ட பிறகு காலுக்கு ஒரு மணைக்கட்டை வைத்துக் கழிவறையில் உட்காரப் பழக்குவது, தண்ணீர், மெல்ல மெல்ல ஒரு புதிய உணவு ஆகியவற்றால் பெரும்பாலான பிள்ளைகள் தேறுகிறார்கள். எடை குறைந்தாலோ மலத்தில் இரத்தம் வந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ காத்திருக்கக் கூடாது.

அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். ஆட்டிசப் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள் என்று சொல்லி அனுப்பப்பட்ட தாய்மார் பலர். தூள் விற்பவர்களிடம் அவர்கள் போய்ச் சேர்ந்ததற்கு அந்த ஒரு வாக்கியமே பெரிய காரணம். தாதியரும் மருத்துவர்களும் இதைப் படித்தால் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பிள்ளையைப் படுக்கவைத்து வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், நோட்டைப் படியுங்கள், அந்தத் தாய் சொல்வதை முழுவதும் கேளுங்கள். தாய்மார்களிடம்: பார்க்காமல் அனுப்பினால் எழுந்து வராதீர்கள். குழந்தை நல நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள்.